வெட்டும்போது மென்மை, காய்ந்தபின் கல்: செம்புரை மண் பற்றிய சில ஐயங்கள்

கேள்வி: புவியியல் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். உயர்நிலைப் பள்ளியில் புவியியல் கற்பித்து வருகிறேன். மண் வகைகள் பாடத்தில் வண்டல், கரிசல், செம்மண் ஆகியவற்றை எளிதாகக் கடந்துவிடும் நான், செம்புரை மண்ணுக்கு வரும்போது ஒவ்வோர் ஆண்டும் தடுமாறுகிறேன். பாடநூல் அதற்கு ஒதுக்கும் ஒரே பத்தியில், மழையால் சத்துகள் யாவும் கரைந்துபோன வளமற்ற மண் என்கிறது. அடுத்த வரியிலேயே தேயிலை, காப்பி, ரப்பர், முந்திரி ஆகியவற்றுக்கு ஏற்றது என்கிறது. அதற்கும் அடுத்த வரியில், கற்களாக வெட்டிக் கட்டடம் கட்டலாம் என்று முடித்துவிடுகிறது. இம்மூன்றும் ஒரே பொருளைப் பற்றிய செய்திகள்தாமா என்று மாணவர்கள் கேட்டால் என்னிடம் விடை இல்லை.

சென்ற வாரம் ஒரு மாணவி எழுந்து, "மழைநீர் எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு போகிறது என்றால், இரும்பை மட்டும் ஏன் விட்டுவைக்கிறது? இரும்பும் துருப்பிடித்து அழியக்கூடியதுதானே?" என்று கேட்டாள். அத்துடன் எனக்கே நெடுநாளாக இருக்கும் ஓர் ஐயமும் உண்டு. தக்காணத்தின் பசால்ட் என்னும் எரிமலைக்குழம்புப் பாறையிலிருந்து கரிசல் உருவாகிறது என்று சொல்லித்தருகிறோம். ஆனால் அதே பசால்ட்டின் மீதுதான் மகாபலேஷ்வரில் செம்புரை படிந்திருக்கிறது. தாய்ப்பாறை ஒன்றாக இருக்க, மண் ஏன் இரண்டாகிறது? இறுதியாக, செம்மண்ணும் செம்புரை மண்ணும் இரண்டுமே சிவப்பாக இருக்கும்போது அவற்றைப் பிரித்தறிவது எப்படி? துறை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: பாறைநோக்கி

அம்மா, உங்கள் மாணவி மிகச் சரியான இடத்தில் கைவைத்திருக்கிறாள். இரும்பு துருப்பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் துரு நீரில் கரையாது என்பதுதான் அவள் கேள்விக்கான விடை. மழையில் கிடந்த ஆணி நாளடைவில் உதிர்ந்து உருவிழந்துபோனாலும், அது கிடந்த இடத்தில் ஏறிய செந்நிறக் கறை எத்தனை மழைக்கும் போவதில்லை அல்லவா? செம்புரை என்பது அப்படிப்பட்ட கறை, பல மீட்டர் தடிமனுக்குச் சேர்ந்த ஒன்று.

காற்றிலிருந்தும் வேர்களிலிருந்தும் கரியமில வாயுவை ஏற்றுக்கொண்டு சற்றே அமிலத்தன்மை பெற்ற மழைநீர் பாறையின் வெடிப்புகளில் இறங்கும்போது, பெல்ஸ்பார் முதலிய கனிமங்கள் சிதைகின்றன. முதலில் வெளியேறுபவை சோடியம், கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் ஆகியவை. சிலிக்கா அவற்றைவிட மெதுவாகக் கரைந்தாலும், வெப்பம் மிகுந்த நாடுகளில் இலட்சக்கணக்கான ஆண்டுகள் மழை பெய்துகொண்டே இருந்தால் அதுவும் பெரும்பகுதி வடிந்துவிடும். ஆனால் காற்றுப் படும் இடத்தில் இரும்பு ஆக்சைடும், அதிக அமிலமோ அதிகக் காரமோ இல்லாத நீரில் அலுமினிய ஆக்சைடும் அசைவதே இல்லை. ஆகவே அவை அளவில் கூடியதால் செம்புரை உண்டாகவில்லை. மற்றவை போனதால் அவற்றின் பங்கு கூடியது. சாறு போன சக்கை என்று சொல்லிப் பாருங்கள், மாணவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். எஞ்சுவது கயோலினைட் என்னும் வெண்களிமண், அதிலிருந்தும் சிலிக்கா போய்விட்டால் கிப்சைட் என்னும் அலுமினியக் கனிமம், மஞ்சள் கலந்த பழுப்பு நிறம் தரும் கோதைட், சிவப்பு நிறம் தரும் ஹெமடைட், இவற்றோடு கரையாமல் நின்ற குவார்ட்ஸ் மணல் ஆகியவையே.

இது பாதிக் கதைதான். வெறும் மழை மட்டும் போதுமென்றால் ஆண்டு முழுவதும் நனைந்திருக்கும் நிலங்களிலெல்லாம் இந்தத் தேன்கூடு போன்ற கடினப் படலம் இருக்க வேண்டும், அப்படி இல்லை. மழைக்காலமும் வறண்ட காலமும் மாறிமாறி வருவது இதற்கு மிகவும் துணைபுரிகிறது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்து மண்ணின் துளைகளை நிரப்பும்போது அங்கே ஆக்சிஜன் குறைகிறது; அந்நிலையில் இரும்பு கரையக்கூடிய வடிவத்துக்கு மாறி நீரோடு நகர்கிறது. கோடையில் நீர்மட்டம் இறங்கிக் காற்று உள்ளே புகுந்ததும், நகர்ந்த இரும்பு மீண்டும் துருவாகி வேறோர் இடத்தில் படிகிறது. இப்படி ஆண்டுதோறும் நகர்ந்தும் படிந்தும் வரும்போது முதலில் புள்ளிகளும், பின்னர் திட்டுகளும், கடைசியில் ஒன்றோடொன்று பின்னிய வலையும் உருவாகின்றன. வலையின் கண்களுக்குள் அடைபட்டிருந்த வெளிறிய களிமண் பின்னர் கழுவப்பட்டுவிடுவதால்தான் புழு துளைத்தது போன்ற ஓட்டைகள் அதில் காணப்படுகின்றன.

ஒரு வெட்டுமுகத்தில் மேலிருந்து கீழே பார்த்தால், கடினமான மேலோடு, செம்மஞ்சள் புள்ளிகள் நிறைந்த மென்மையான படலம், வெளிறிய களிமண், பாறையின் அமைப்பு அழியாமலேயே மண்ணாகிப்போன சிதைபாறை, அதன் அடியில் உறுதியான தாய்ப்பாறை என்ற வரிசை தென்படும். எல்லா இடங்களிலும் எல்லா அடுக்குகளும் இருக்க வேண்டுமென்பதில்லை.

பசால்ட் பற்றிய உங்கள் ஐயத்துக்கு வருகிறேன். மழை குறைந்த, நீர் வடிய வழியில்லாத சமவெளியில் கால்சியமும் மக்னீசியமும் சிலிக்காவும் அங்கேயே தங்கிவிடுவதால், ஈரத்தில் உப்பிக் கோடையில் வெடிக்கும் ஸ்மெக்டைட் களிமண் உருவாகி அது கரிசலாகிறது. மழை மிகுந்து நீர் நன்றாக வடியும் இடத்தில் அதே பசால்ட் எல்லாவற்றையும் இழந்து செம்புரையாகிறது. எனவே தாய்ப்பாறை பொருளைத் தருகிறது, மழையும் வடிகாலும் அதில் எதை வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்கின்றன. ஆனால் மகாபலேஷ்வரைச் சான்றாகக் காட்டும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். அங்கே இன்றும் ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்வது உண்மையே என்றாலும், அம்மலையின் உச்சியிலும் அருகிலுள்ள பஞ்சகனி மேசை நிலத்திலும் உள்ள செம்புரைத் தொப்பி இன்றைய மழையின் விளைவு அன்று. அது பல கோடி ஆண்டுகளுக்கு முன், அந்நிலம் தாழ்வான சமவெளியாக இருந்தபோது உருவானது. பிற்காலத்தில் சுற்றிலும் நிலம் அரிக்கப்பட்டபோது, கடினமான இந்த மேலோடு தன் அடியில் இருந்ததைக் காத்து நின்றதால் பழைய தரை இன்று மலையுச்சியாக இருக்கிறது.

செம்மண்ணைப் பிரித்தறிய நிறத்தை நம்பாதீர்கள். செம்மண்ணில் இரும்பு, மணலையும் களியையும் போர்த்திய மெல்லிய பூச்சாக இருக்கிறது. உள்ளே சிதையாத பெல்ஸ்பார் இன்னும் எஞ்சியிருக்கும். சிலிக்காவும் பெரிய அளவில் வெளியேறியிருக்காது. செம்புரையில் இரும்பே எலும்புக்கூடு. ஆய்வகத்தில், இரும்பு அலுமினிய ஆக்சைடுகளின் மூலக்கூறு அளவோடு சிலிக்காவின் அளவை ஒப்பிட்டு, அவ்விகிதம் 1.33-க்குக் கீழே இருந்தால் உண்மைச் செம்புரை என்றும், 1.33 முதல் 2 வரை இருந்தால் செம்புரைத்தன்மை கொண்ட மண் என்றும், 2-க்கு மேல் போனால் செம்புரை அன்று என்றும் கொள்ளும் பழைய வழக்கம் இன்றும் பொறியியலில் உண்டு.

மறுமொழி 2: மண்ணும் வேரும்

வேளாண் மண்ணியல் படித்தவன் என்ற முறையில் 'வளமற்றது, ஆனால் தேயிலைக்கு ஏற்றது' என்ற முரண்பாட்டுக்கு மட்டும் விடை சொல்கிறேன்.

மண்ணின் வளம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு, சத்துகளைப் பிடித்துவைத்து வேருக்குக் கொடுக்கும் களிமண்ணின் திறமையே. கரிசலில் உள்ள ஸ்மெக்டைட் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 80 முதல் 120 சென்டிமோல் (மின்னூட்டத்தை அளக்கும் அலகு) வரை நேர்மின் அயனிகளைப் பிடித்துவைக்கும். செம்புரையின் கயோலினைட்டால் 3 முதல் 15 வரைதான் முடியும். எனவே பொட்டாஷ் உரத்தை ஒரே தவணையில் இட்டால் அடுத்த பெருமழையோடு போய்விடும். பிரித்து இட வேண்டும் என்று பரிந்துரைப்பதன் காரணம் இதுதான். பாஸ்பரஸின் கதை இதற்கு நேர்மாறானது. அதை மண் விடுவதே இல்லை. இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளின் மேற்பரப்பு பாஸ்பேட்டை இறுகப் பற்றிக்கொள்வதால், இட்ட உரத்தில் சிறு பகுதிதான் பயிருக்குக் கிடைக்கிறது. தூவுவதைவிட வேரருகே வரியாக இடுவதும், அமில மண்ணில் மெல்லக் கரையும் பாறைப் பாஸ்பேட்டைத் தோட்டப் பயிர்களுக்குப் பயன்படுத்துவதும் பலன் தருகின்றன.

தேயிலை, காப்பி, ரப்பர், முந்திரி, அன்னாசி, மரவள்ளி ஆகியவை இம்மண்ணில் செழிப்பதற்கு மண்ணின் செழுமை காரணமன்று. அவற்றின் பொறுமையே காரணம். தேயிலை அமில மண்ணை விரும்பும் செடி, பி.எச். 4.5 முதல் 5.5 வரை அதற்கு உகந்தது. பிற பயிர்களின் வேரைக் கருக்கும் அலுமினியத்தை அது தன் முதிர்ந்த இலைகளில் சேர்த்துவைத்துக்கொண்டு வளரும். முந்திரியின் வேரோ கெட்டியான ஓட்டின் விரிசல்களில் நுழைந்து ஆழத்துக்குப் போய்விடும். இரும்பு ஆக்சைடு களிமண் துகள்களை மணிமணியாகப் பிணைத்துவிடுவதால், களி மிகுந்த மண்ணாக இருந்தும் நீர் மணலில் போல வடிகிறது, வேரழுகல் குறைவு. அதே காரணத்தால் கோடையில் வறட்சி விரைவாகத் தாக்கும் என்பதை மறக்கக்கூடாது.

சுண்ணாம்பு இடுவது பற்றி ஒரு சொல். பி.எச். 5.5-ஐத் தாண்டினாலே கரைந்த அலுமினியத்தின் நச்சுத்தன்மை பெரும்பாலும் அடங்கிவிடும். கரிசல், வண்டல் அளவுக்கு 7 வரை உயர்த்த முயன்றால் துத்தநாகம், மாங்கனீஸ் போன்ற நுண்சத்துகளின் பற்றாக்குறையைத் தேடிக்கொள்வோம். தொடக்கக் காலத்தில் நானே ஒரு செயல்விளக்கத் திடலில் சுண்ணாம்பை அள்ளி இட்டு, வெளிறிய இலைகளைப் பார்த்து விழித்திருக்கிறேன். இம்மண்ணின் சத்துப்பிடிப்புத் திறனில் பெரும்பகுதி மேல் மண்ணின் மட்கில்தான் இருக்கிறது. அதை அரிப்புக்குக் கொடுத்துவிட்டால் எந்த உரமும் ஈடுசெய்யாது.

மறுமொழி 3: கொத்தும் கரண்டியும்

கட்டுமானப் பொறியாளனாக எனக்குத் தெரிந்ததைச் சேர்க்கிறேன்.

இப்பொருளுக்கு உலகப் பெயர் கிடைத்ததே கட்டுமானத்தால்தான். பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1800-1801-இல் மைசூர், கன்னடம், மலபார் பகுதிகளில் பயணம் செய்தபோது, இன்றைய மலப்புறம் மாவட்டத்திலுள்ள அங்காடிப்புரத்தில் மக்கள் தரையிலிருந்தே சதுரக் கற்களை வெட்டுவதைக் கண்டார். காற்றுப்படாமல் இருக்கும்வரை இரும்புக் கருவியால் எளிதாக வெட்டக்கூடியதாகவும், வெளியே எடுத்தபின் விரைவில் செங்கல்லைப்போல் இறுகுவதாகவும் 1807-இல் வெளியான தம் பயண நூலில் பதிவுசெய்தார். உள்ளூர் மொழிகளில் அதற்குச் செங்கற்கல் என்ற பொருள்படும் பெயர் இருந்தது. செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அவர் 'லேட்டரைட்' என்று பெயரிட்டார். நாட்டு வழக்கின் இலத்தீன் மொழிபெயர்ப்பு என்றே அதைச் சொல்லலாம். அங்காடிப்புரத்தின் அந்த வெட்டுமுகத்தை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது.

மலையாளத்தில் இது வெட்டுகல். நம் பக்கம் செம்புரைக்கல், செம்பூரான்கல். மேலோடு மிகக் கெட்டியாகவும் ஒழுங்கற்றும் இருப்பதாலும், மிகக் கீழே களி கூடிவிடுவதாலும், இடைப்பட்ட பகுதியே கல்வெட்ட ஏற்றது. வெட்டிய கல்லை உடனே சுவரில் ஏற்றாமல் காற்றிலும் வெயிலிலும் சில வாரங்களாவது கிடக்கவிடுவது பழைய வழக்கம். அதை மீறும் அவசரம்தான் இன்று பல சுவர்களின் சிக்கல். கட்டடச் செம்புரைக்கல்லுக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 3620, அமுக்க வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டனுக்குக் குறையக்கூடாது என்றும், நீர் உறிஞ்சல் எடையில் 12 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்றும் வரையறுக்கிறது. கல்லைக் கையில் எடுத்து, துளைகளில் வெண்களி அடைந்திருக்கிறதா என்று பாருங்கள். களி மிகுந்த கல் மழையில் கரைந்து குழிவிழும்.

கம்போடியாவின் அங்கோர் கோயில்களில் கண்ணுக்குத் தெரியும் சிற்பங்கள் மணற்கல்லில் இருந்தாலும், அடித்தளமும் சுற்றுமதில்களும் பெரும்பாலும் செம்புரைக்கல்லே. காசர்கோட்டின் பேக்கல் கோட்டையும் அப்படியே. நுண்ணிய சிற்பவேலைக்கு இது ஒத்துவராது. சுமையைத் தாங்குவதற்கே உரியது. கோவாவின் பொம் ஜீசஸ் தேவாலயத்தின் சிவந்த சுவர்களைப் பலர் வியந்து படமெடுக்கிறார்கள். ஆனால் அது பூச்சோடு இருந்த கட்டடம், 20-ஆம் நூற்றாண்டில் பூச்சு நீக்கப்பட்டது. துளை நிறைந்த கல்லை அத்தனை மழைக்கு வெறுமையாக நிறுத்தியது என் பார்வையில் தவறு.

சாலைப் பணியில் செம்புரைச் சரளை அடித்தளப் படுகைக்கு நன்றாகப் பயன்படுகிறது. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் போக்குவரத்துக் குறைந்த சாலைகள் பல இதன் மீதே நிற்கின்றன. ஆய்வகத்தில் வேலை செய்யும் இளைஞர்களுக்கு ஒரு குறிப்பு: மற்ற மண்ணைப்போல் இதை 105 டிகிரி அடுப்பில் உலர்த்திவிட்டு நீர்ம எல்லை, நெகிழ்வு எல்லை (மண் குழம்பாகவும் குழைவாகவும் மாறும் ஈர அளவுகள்) பார்த்தால், களித்துகள்கள் திரண்டு நெகிழ்வு குறைவாகக் காட்டும். காற்றில் உலர்த்திய மாதிரியிலேயே சோதியுங்கள்.

மறுமொழி 4: புவியியல் ஆசிரியை

மூவருக்கும் உளமார்ந்த நன்றி. துருக்கறை எடுத்துக்காட்டை நாளையே வகுப்பில் சொல்லப் போகிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. கல் இறுகுவது வெறுமனே உலர்வதால்தான் என்றால், மீண்டும் நனைத்தால் இளகிவிட வேண்டுமே, ஏன் இளகுவதில்லை? மேலும், வெப்பமண்டலக் காடுகளை வெட்டினால் நிலம் முழுவதும் செங்கல்லாக இறுகிவிடும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது உண்மையா?

மறுமொழி 5: பாறைநோக்கி

இறுகுவது உலர்வதால் மட்டும் அன்று. களிமண் பாண்டம் வெயிலில் காய்ந்தால் மறுபடி நீரில் குழைந்துவிடும். இங்கே நடப்பது வேறு. நீரையும் தன் அமைப்பில் ஏந்தியிருக்கும் இரும்பு ஆக்சைடுகள் நீரிழந்து, படிகமாகி, ஒன்றோடொன்று கோத்துத் தொடர்ச்சியான சட்டகமாகின்றன. கோதைட்டின் ஒரு பகுதி ஹெமடைட்டாக மாறுகிறது. இந்த மாற்றம் திரும்பி வராதது. இப்படி நனைந்தும் உலர்ந்தும் இறுகக்கூடிய, இன்னும் இறுகாத மென்படலத்தை மண்ணியலாளர்கள் பிளிந்தைட் என்று தனிப்பெயரால் அழைக்கிறார்கள்; 'லேட்டரைட்' என்ற சொல் கல்லையும் மண்ணையும் சேர்த்துக் குறித்துக் குழப்புவதால், இன்றைய மண் வகைப்பாடுகள் அதைக் கைவிட்டுவிட்டன.

காடழிப்பு பற்றி நீங்கள் படித்தது மிகைப்படுத்தப்பட்ட செய்தி. வெப்பமண்டலச் சிவப்பு மண்கள் எல்லாவற்றிலும் பிளிந்தைட் இல்லை. அது இருக்கும் இடங்களில், அதுவும் ஆழமில்லாமல் இருக்கும் இடங்களில், மேல் மண் அரிக்கப்பட்டு அப்படலம் வெளிப்பட்டால்தான் நிலம் ஓடாக இறுகும். காடழிப்பின் பொதுவான கேடு, முன்பு ஒருவர் சொன்ன மட்கு இழப்பும் மண்ணரிப்புமே.

பயன்களில் விடுபட்ட ஒன்றையும் சேர்க்கிறேன். இரும்பும் சிலிக்காவும் பெரும்பாலும் நீங்கி அலுமினியம் மட்டும் மிகுந்துவிட்ட செம்புரையே பாக்சைட். கினி நாட்டின் மாபெரும் படிவுகளும், ஒடிசாவின் பஞ்சபட்மாலியும் அவ்வகை. அதேபோல மக்னீசியம் மிகுந்த பெரிடோடைட் பாறையின் மீது உருவாகும் செம்புரையில் நிக்கல் செறிகிறது. நியூ கலிடோனியாவின் சுரங்கத்தொழில் முழுவதும் அதை நம்பியது. ஆகவே சக்கை என்று சொன்னேனே தவிர, சில இடங்களில் சக்கைதான் தாது.

மறுமொழி 6: சொல்லாய்வு

பெயர் பற்றி ஒரு சிறு திருத்தம். சில பாடநூல்கள் இதைச் 'சரளை மண்' என்று எழுதுகின்றன. சரளை என்பது பொதுவாகப் பரல் கலந்த எந்த மண்ணையும் குறிக்கும். ஆற்றுச் சரளைக்கும் இரும்புக்கும் தொடர்பே இல்லை. மாணவர்களுக்குச் 'செம்புரை' என்றோ 'துருக்கல்' என்றோ சொல்வது பொருளோடு பொருந்தும்; தேர்வில் மட்டும் நூலில் உள்ள சொல்லை எழுதச் சொல்லுங்கள். மற்றொன்று, புவியியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் பல்லாவரத்தில் கண்டெடுத்த பழைய கற்காலக் கருவி செம்புரைச் சரளைக் குழியிலிருந்து கிடைத்தது. வரலாற்று ஆசிரியரோடு சேர்ந்து ஒரு வகுப்பு எடுக்கலாம்.

மறுமொழி 7: கொத்தும் கரண்டியும்

நீர் பற்றி யாரும் சொல்லவில்லை, ஆகவே மீண்டும் எழுதுகிறேன். காசர்கோட்டுப் பகுதியில் குன்றின் பக்கவாட்டில் கிடையாகக் குடைந்து, கசிந்து வரும் நீரைச் சாய்வின் வழியே வெளியே கொண்டுவரும் சுரங்கம் என்ற அமைப்பு உண்டு. தாங்கு தூண்களோ சுவரோ இல்லாமலேயே அக்குடைவுகள் நிற்பதற்குக் காரணம், மேலே இறுகிய செம்புரை தானே கூரையாக இருப்பதும், துளைகள் வழியே மழைநீர் இறங்கி அதனுள் தங்குவதும்தான்.

அதே அமைப்பில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. கெட்டியான ஓட்டுக்குக் கீழேயுள்ள வெளிறிய களியை நிலத்தடி நீர் அரித்துக் குழாய்போல் வழி உண்டாக்கிக்கொள்ளும். கேரளத்தின் மலைச்சரிவுகள் சிலவற்றில் இப்படி உள்ளே பொந்து விழுந்து, மேலே தெரியாமல் வளர்ந்து, ஒரு மழைக்காலத்தில் தரை உள்வாங்கிய நிகழ்வுகள் உண்டு. சரிவில் கட்டடம் கட்டுபவர்கள் மேலோட்டின் உறுதியைப் பார்த்து மட்டும் அடித்தளத்தை முடிவுசெய்துவிடாமல், அதன் தடிமனையும் அடியில் இருப்பதையும் துளையிட்டு அறிந்துகொள்ள வேண்டும். சரிவின் அடியில் ஊற்றுநீர் கலங்கலாக, வெண்களி கலந்து வரத் தொடங்கினால், மேலே ஏதோ அரிக்கப்படுகிறது என்று பொருள்.